க்யூஆர் யார் பேர்ல இருக்கு?

போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர் சபைக் கமிட்டியில ஒரு தீர்மானம் போட்டாங்க. வாலிபர் சங்கம் இனிமே நிதி திரட்டும்போது செல்போன் வழியா ஒரு பைசா வாங்கக்கூடாது, ரொக்கம் மட்டும்தான். ஏகமனதா நிறைவேறியது. ஏகமனதுன்னா எங்க ஊர்ல என்ன அர்த்தம்னா, பெரியவங்க நாலு பேர் பேசினாங்க, மத்தவங்க டீ எப்ப வரும்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. வாசலைப் பாத்தவங்கள்ல நானும் ஒருத்தன். அங்க வாயைத் திறக்காம இங்க வந்து வீரம் பேசறேன். திட்டறவங்க திட்டிக்கலாம் :-)

ஊர் தெரியாதவங்களுக்கு: வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் மலைரோட்டுல ஏறி வர்றப்ப, நடுவுல பிரிஞ்சு போற ரோடு பண்ணைக்காட்டுக்கு. ஏரி, படகு, ஹோம்மேட் சாக்லேட் எல்லாம் மேல. இங்க காப்பி, மிளகு, மலைவாழை, இதுங்களை நம்பி பொழைக்கிற சனம். டிசம்பர் காப்பிப் பழம் பறிக்கிற சமயம். கையில நாலு காசு புழங்கும். அதனாலதான் எங்க வாலிபர் சங்கம் நிதி திரட்டறதுன்னா டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ்ல திரட்டும். கிடார், டிரம், சாண்டா வேஷம், குளிருக்கு மங்கி குல்லா, ஒரு டப்பா. வீடு வீடா போய்ப் பாடி, டப்பாவை நீட்டணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டப்பா மேல ஒரு காகிதம் ஒட்டினாங்க. க்யூஆர் கோடு. பிரச்சினை அங்கதான் ஆரம்பிச்சது. ஆனா கமிட்டி நினைக்கிற மாதிரி இல்ல.

அந்த க்யூஆர் சபை பேர்ல இல்ல, வாலிபர் சங்கம் பேர்லயும் இல்ல. சங்கத்துப் பொருளாளரா இருந்த ஒரு பையனோட சொந்தக் கணக்கு. அவனைத் தம்பின்னே சொல்றேன், பேர் வேண்டாம். "யாராவது ஒருத்தன் ஜிபே நம்பர் குடுங்கடா"ன்னு கேட்டிருக்காங்க, இவன் குடுத்திருக்கான். அவ்வளவுதான் நடந்தது. அந்த வருஷம் திரட்டினது தோட்ட வேலை பாக்கிற ஒரு அம்மாவோட மகளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்ட. டப்பாவுல 38,420 ரூபாய். தம்பி கணக்குல 46,150. எங்க சங்கம் அதுக்கு முன்னாடி ஒரு டிசம்பர்லயும் அவ்வளவு பாத்தது கிடையாது.

டப்பா பணத்தை ஒவ்வொரு ராத்திரியும் ஐயர் வீட்டு மேஜையில கொட்டி நாலு பேர் முன்னாடி எண்ணி நோட்டுல எழுதினாங்க. (சபை போதகரைத்தான் நாங்க ஐயர்னு சொல்வோம். குழப்பிக்காதீங்க.) செல்போன்ல வந்ததை யார் எண்ணினது? தம்பிதான். அவன் சொன்னதை எழுதிக்கிட்டாங்க.

ஜனவரி 5ஆம் தேதி காலையில அவன் பைக் தவணை அந்தக் கணக்குல இருந்து தானா கழிஞ்சது. 2,870 ரூபாய். எப்பவும் சம்பளம் விழுந்திருக்கும், அந்த மாசம் நாலு நாள் தள்ளிப்போச்சு. தவணை எடுத்தது எல்லாம் யார் பணம்? நர்சிங் ஃபீஸ் பணம். அவனுக்கே தெரியாது. ஏழாம் தேதி காலேஜுக்கு அனுப்பலாம்னு பாத்தா குறையுது. பதறிப்போய் சிநேகிதன்கிட்ட கடன் வாங்கி ரெண்டு நாள்ல முழுசா கட்டிட்டான். அந்தப் பொண்ணு படிப்பு நிக்கல. ஒரு ரூபாய்கூட காணாமப் போகல.

ஆனா அந்த ரெண்டு நாள் போதாதா? மலைக்கிராமத்துல ஒரு சேதி பரவ யூபிஐ வேகம்கூட தேவையில்ல. வருஷாந்தரக் கூட்டத்துல ஒருத்தர் எந்திரிச்சு, "தம்பி ஸ்டேட்மெண்ட் காட்டிட்டா எல்லாருக்கும் நிம்மதி"ன்னார். மறுவாரம் தம்பி மூணு மாச ஸ்டேட்மெண்ட்டை பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து குடுத்தான். பதினோரு பக்கம். அந்தப் பதினோரு பக்கமும் கை மாறி கை மாறிப் போறதை நான் பாத்தேன். சபைப் பணத்தை மட்டுமா பாத்தாங்க? எந்தக் கடையில பரோட்டா சாப்பிட்டான், எந்தப் பேருக்கு மாசாமாசம் 500 அனுப்பறான், அக்காகிட்ட எத்தனை தடவை கை நீட்டியிருக்கான், எல்லாத்தையும். அந்த 500 யாருக்குன்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே கேட்டார். தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னான்.

தம்பி இப்ப பாடகர் குழுவுல இல்ல. ஆராதனைக்கு வர்றான், கடைசி பெஞ்சுல உக்காந்து, ஆசீர்வாதம் சொல்றதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயிடறான்.

இந்தக் கதையில இருந்து கமிட்டி படிச்ச பாடம்: செல்போன் ஆகாது. என்னால இதை ஜீரணிக்க முடியல.

ரொக்கம் சுத்தம்னு சொல்றவங்களுக்கு என் கதை ஒண்ணு. 90கள்ல நான் வாலிபர் சங்கச் செயலாளர். அப்ப டப்பான்னா ஹார்லிக்ஸ் டப்பா, மூடியில கத்தியால கீறின ஓட்டை. ராத்திரி அது எங்க வீட்டு பீரோ மேல இருக்கும். ஒரு நாள் பாட்டிக்கு முடியாமப் போய் வத்தலக்குண்டு கொண்டுபோகணும். அப்பா டப்பாவைத் திறந்து 200 ரூபாய் எடுத்தார், மூணாம் நாள் திருப்பி வெச்சார். யாருக்கும் தெரியாது. இந்த வரியை எழுதற வரைக்கும் எனக்கும் எங்கப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பாவும் இப்ப இல்ல. தம்பிக்கு நடந்ததும் எங்க வீட்ல நடந்ததும் ஒண்ணுதான். என்னை யாரும் நிக்க வெச்சு விசாரிக்கல, ஏன்னா ஹார்லிக்ஸ் டப்பாவுக்கு ஸ்டேட்மெண்ட் கிடையாது. நான் நல்லவன்னு பேர் வாங்கி, கமிட்டி மெம்பராகி, டீக்காக வாசலைப் பாக்கிற இடத்துக்கு வந்துட்டேன். அவன் கடைசி பெஞ்சுல இருக்கான்.

அதனால ரொக்கம், டிஜிட்டல்னு பட்டிமன்றம் நடத்தறவங்களை நான் ரெண்டு பக்கமும் நம்பறதில்ல. "எல்லாம் ரெக்கார்டு ஆகுது, அதனால வெளிப்படை"ன்னு சொல்ற இளவட்டங்களுக்கு: ரெக்கார்டு ஆகுது சரி, அதை யார் பாக்கறாங்க? ஒருத்தன் செல்போனுக்குள்ள பூட்டி வெச்ச ரெக்கார்டு, என் வீட்டு பீரோ மேல இருந்த டப்பா மாதிரிதான். கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். க்யூஆர் யார் பேர்ல இருக்கு? பணம் வெளிய போகணும்னா எத்தனை பேர் கை வேணும்?

இது நான் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. வேதாகமத்துலயே ஒரு நிதி திரட்டல் இருக்கு. எருசலேம்ல கஷ்டப்பட்ட சபைக்காக பவுல் ஊர் ஊரா பணம் சேர்த்தார். கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாம் நிருபத்துல எட்டாம் அதிகாரம் எடுத்துப் பாருங்க. தீத்துவை அனுப்பறார், கூடவே சபைகளே தேர்ந்தெடுத்த சகோதரனையும் அனுப்பறார். ஏன்னு காரணமும் சொல்றார்: இவ்வளவு பணத்தைக் கையாளறப்ப யாரும் நம்மேல குத்தம் சொல்ல இடம் வெக்கக்கூடாது, ஆண்டவர் பார்வையில சரியா இருந்தா மட்டும் போதாது, மனுஷங்க பார்வையிலயும் சரியா இருக்கணும்ங்கற அர்த்தத்துல. பவுலே தன் பேர்ல க்யூஆர் ஒட்டிக்கல பாருங்க! மாறா, பன்னிரண்டு சீஷர்களுக்கும் சேர்த்து ஒரே பணப்பை, அதுவும் ஒரே ஆள் கையில இருந்தது. அந்த ஆள் யாருன்னு ஞாயிறுபள்ளிப் பிள்ளைங்களைக் கேட்டாலும் சொல்லும்.

கமிட்டியில சொன்ன காரணங்களையும் பாத்துடுவோம்.

"கமிஷன் புடிப்பான்." பிடிக்க மாட்டான். பேங்க் கணக்குல இருந்து வர்ற யூபிஐ பணத்துக்கு வாங்கறவங்ககிட்ட கட்டணம் கிடையாதுன்னு 2020 ஜனவரியிலயே ஆக்கிட்டாங்க. வாய் விட்டு கத்தற அந்த சவுண்ட் பாக்ஸுக்குத்தான் மாச வாடகை. அது நமக்கு வேண்டவே வேண்டாம், பின்னாடி சொல்றேன்.

"டாக்ஸ்காரன் வருவான்." இந்தப் பயம் சும்மா வந்தது இல்ல. 2025 ஜூலையில கர்நாடக வணிகவரித் துறை யூபிஐ வரவைக் கணக்குப் பார்த்து சின்னச் சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பினப்ப, பெங்களூர் கடைகள்ல க்யூஆரைக் கிழிச்சுட்டு 'யூபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்'னு அட்டை தொங்கவிட்டாங்க. ஆனா யோசிங்க. அப்படி ஒரு கேள்வி இங்க வந்தா யார்கிட்ட வரும்? யார் கணக்குல பணம் விழுந்ததோ அவன்கிட்ட. பதினஞ்சாயிரம் சம்பளக்காரன் கணக்குல ரெண்டு வாரத்துல அரை லட்சம், நூத்துக்கணக்கான ஊர்பேர் தெரியாத கையில இருந்து. அது என் பணம் இல்லைன்னு அவன்தான் நிரூபிக்கணும். சபைக் கணக்குல விழுந்தா சபை பதில் சொல்லும், கணக்குப் புத்தகம் இருக்கு, தணிக்கை இருக்கு.

இதைவிட மோசமானது கணக்கு முடக்கம். எவனோ ஒரு ஆன்லைன் திருடன் அடிச்ச பணம் நாலு கை மாறி உங்க கணக்குல 50 ரூபாயா வந்து விழுந்தா, எங்கியோ இருக்கிற சைபர் போலீஸ் சொன்னான்னு உங்க பேங்க் கணக்கை நிறுத்தி வெக்கலாம். கேரளாவுல 2023ல சின்னக் கடைக்காரங்க பல பேர் இப்படி மாட்டிக்கிட்டாங்க, விஷயம் ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. தம்பி கணக்குக்கு அப்படி ஆகியிருந்தா? அவன் சம்பளமும் அதுலதான், நர்சிங் ஃபீஸும் அதுலதான்.

வெளிநாட்டு விஷயம் ஒண்ணும் இருக்கு, இதை யாரும் யோசிக்கறதே இல்ல. கேரல் வீடியோவை வாட்சப்ல பாத்துட்டு "நம்பர் அனுப்புடா"ன்னு கேக்கற சொந்தக்காரங்க எல்லா ஊர்லயும் உண்டு. இந்திய பாஸ்போர்ட் வெச்சுக்கிட்டு துபாய்ல வேலை பாக்கிறவர் தன் சம்பாத்தியத்துல பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது. அவரே அந்த ஊர் குடியுரிமை வாங்கிட்டார்னா, ஓசிஐ அட்டை வெச்சிருந்தாலும், சபைக்கு அவர் தர்ற பணம் எஃப்சிஆர்ஏ சட்டத்துக்குள்ள வந்துடும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் அந்த வகைப் பணம் முதல்ல டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்குலதான் விழணும், அதுவும் பதிவு பண்ணின அமைப்புக்கு மட்டும். பண்ணைக்காட்டுப் பையன் ஜிபே நம்பருக்கு சித்தப்பா அன்பா அனுப்பற அஞ்சாயிரத்துக்குள்ள இவ்வளவு இருக்கு. அவனுக்கு யார் சொன்னாங்க? எனக்கே போன மாசம்தான் தெரியும்.

"யாராவது ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டா?" நியாயமான கேள்வி. 2023ல பத்ரிநாத், கேதார்நாத் கோவில்கள்ல க்யூஆர் போர்டு இருந்ததைப் பாத்து கோவில் கமிட்டியே, இது நாங்க வெச்சது இல்லைன்னு போலீஸ்ல புகார் குடுத்தது. அப்புறம் பாத்தா, 2018ல அந்தக் கமிட்டிக்கும் பேடிஎம்முக்கும் நடுவுல போட்ட ஒப்பந்தத்துல வெச்ச போர்டாம். தன் உண்டியல் எதுன்னு தனக்கே தெரியாத கமிட்டி! சிரிக்க வேண்டாம். எங்க டப்பா மேல ஒட்டின காகிதம் யாருதுன்னு எங்க கமிட்டி கேட்டதா? ரெண்டு வாரம் ஊரெல்லாம் சுத்தினது. ஸ்கேன் பண்ணினவங்க செல்போன்ல தம்பி பேர்தான் வந்தது. நானும்தான் 200 ரூபாய் அனுப்பினேன். பேரைப் பாத்தேன், "நம்ம பையன்தான்"னு விட்டுட்டேன். சபை பேர் வரணுமேன்னு எனக்கும் தோணல.

இப்ப இளவட்டங்களுக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கு.

எங்க சபையில காணிக்கைப் பை தெரியுமா? சிவப்பு வெல்வெட், வாய் குறுகலா இருக்கும். மூடின கையை உள்ள விட்டு விரலைத் திறக்கணும். பக்கத்துல இருக்கிறவருக்கு 500 போட்டீங்களா 5 போட்டீங்களான்னு தெரியாது. எதுவுமே போடாம கையை விட்டு எடுக்கற ஆளுங்களும் உண்டு, அதுவும் தெரியாது. அந்தத் துணிப்பை ஒரு பெரிய மரியாதை. தோட்டத்துல கூலி வேலை பாக்கிற ஒரு பாட்டி அதுல ரெண்டு ரூபாய் போட்டுட்டு தோட்டக்காரர் பக்கத்துலயே நிமிந்து உக்காரலாம்.

க்யூஆர் வந்த வருஷம் வாலிபர் வாட்சப் குரூப்ல என்ன நடந்தது? பணம் அனுப்பினவங்க ஸ்கிரீன்ஷாட். "காட் பிளஸ் யூ அண்ணா, 5000." கீழ பத்து கைகூப்பற பொம்மை. அடுத்து ஒருத்தர் 2000, அதுக்கு நாலு பொம்மை. 50 ரூபாய் அனுப்பினவங்க ஸ்கிரீன்ஷாட் போடவே இல்ல. போட முடியுமா? இந்த வருஷம் ஒருத்தன் சவுண்ட் பாக்ஸ் வாங்கலாம்னு சொல்லியிருக்கான். வீட்டு வாசல்ல எல்லார் முன்னாடியும் அது "பத்து ரூபாய்"னு கத்தினா, அந்த வீட்டம்மா அடுத்த வருஷம் விளக்கை அணைச்சுட்டுப் படுத்துக்குவாங்க. எருசலேம் தேவாலயத்துல எக்காள வடிவத்துல பதிமூணு காணிக்கைப் பெட்டி இருந்ததுன்னு யூதர்களோட மிஷ்னா நூல் சொல்லுது. அதே நூல்ல ரகசிய அறைன்னு ஒண்ணும் வருது. குடுக்கறவங்க யாரும் பாக்காம வெச்சுட்டுப் போவாங்க, நல்லா வாழ்ந்து நொடிச்ச குடும்பத்து ஏழைங்க யாரும் பாக்காம எடுத்துக்குவாங்க. நம்ம பாட்டிமார் அடுப்படியில வெச்ச பிடியரிசிப் பானையும் கிட்டத்தட்ட அதே ஜாதி. எந்த வீட்டு அரிசி எவ்வளவுன்னு சபைக்குப் போன அப்புறம் பிரிச்சுச் சொல்ல முடியாது.

அதனால ஸ்கிரீன்ஷாட் கூடாது, பேர்ப் பட்டியல் கூடாது, பேசற டப்பா கூடவே கூடாது. உண்டியல் டப்பா க்யூஆருக்குப் பக்கத்துலயே இருக்கணும். எங்க ஊர்ல மழைக்கு ஒரு மரம் விழுந்தா கரண்ட் போகும், கரண்ட் போனா டவர் போகும். 2018 நவம்பர்ல கஜா புயல் இந்த மலையில ஏறி இறங்கினப்ப எத்தனை மரம், எத்தனை கம்பம்னு பாத்தவங்களுக்கு செல்போனை மட்டும் நம்புன்னு சொல்ல வாய் வராது. ரொக்கம் மட்டும்ங்கறவங்களுக்கு 2016 நவம்பர் 8 ஞாபகம் இருக்கும். அதுக்கு அடுத்த ஞாயிறு எங்க காணிக்கைப் பையில 500 ரூபாய் நோட்டா விழுந்தது. அவ்வளவு தாராளமா சபையார் அதுக்கு முன்னாடியும் குடுத்தது இல்ல, பின்னாடியும் குடுத்தது இல்ல :-)

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பத்தி தனியா ஒரு பதிவே போடலாம். மலைவாழைத் தாரை ஆயிரத்து ஐநூறுக்கு ஏலம் எடுத்துட்டு "அப்புறம் ஜிபே பண்றேன்"னு தாரோட போறவங்க இருக்காங்க. முன்னாடி "கணக்குல வெச்சுக்கங்க"ம்பாங்க. வசனம்தான் மாறியிருக்கு.

சரி, என்னதான் பண்ணச் சொல்ற? பெருசா ஒண்ணும் இல்ல. சபைக்கு ஏற்கனவே பேங்க்ல கணக்கு இருக்கு, ரெண்டு பேர் கையெழுத்து போட்டாத்தான் செக் செல்லும். அந்தக் கணக்குக்கே ஒரு க்யூஆர் வாங்குங்க. ரெண்டு கையெழுத்துக் கணக்குல இருந்து ஒருத்தனா செல்போன்ல பின் நம்பர் தட்டிப் பணம் அனுப்ப முடியாது. உள்ள வர்றது சுலபம், வெளிய போறதுக்கு ரெண்டு கை. உண்டியலுக்கு ரெண்டு பூட்டு போட்டு ரெண்டு பேர்கிட்ட சாவி குடுப்போமே, அதேதான். ராத்திரி டப்பாவைக் கொட்டி எண்ணும்போது அன்னிக்கு பேங்க்ல வந்த மொத்தத்தையும் அதே மேஜையில, அதே நாலு பேர் முன்னாடி, அதே நோட்டுல எழுதுங்க. பேர் வேண்டாம், தொகை போதும். அதுல பைக் தவணை கழியாது. பரோட்டாக் கடை தெரியாது. இங்கிலாந்துல திருச்சபைக்காரங்க 2018லயே பதினாறாயிரம் இடத்துக்கு மேல கார்டு தேய்க்கிற மெஷினுக்கு வழி பண்ணிட்டாங்க. அந்த மெஷினை எந்த ஊர்லயும் பொருளாளர் தன் சொந்த சேமிப்புக் கணக்குல இணைச்சிருக்க மாட்டார்னு நம்பறேன்.

இதையெல்லாம் ஒரு பக்கத்துல எழுதி, தீர்மானத்தை மறுபரிசீலனை பண்ணணும்னு ஐயர்கிட்ட நேத்து குடுத்துட்டேன். ஹார்லிக்ஸ் டப்பா 200 ரூபாயையும் சேர்த்து எழுதியிருக்கேன். படிச்சுட்டு நிமிந்து பாத்தார், ஒண்ணும் சொல்லல. கூடவே இன்னொரு கோரிக்கை. தம்பி கணக்கை வாங்கிப் படிச்ச நாலு பேரும், அதுல நானும் உண்டு, அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும். ஆமா, அந்தப் பதினோரு பக்கம் என் கைக்கும் வந்தது. நானும் படிச்சுட்டுத்தான் அடுத்தவர்கிட்ட குடுத்தேன்.

அடுத்த கமிட்டி வர்ற மாசம் ரெண்டாம் ஞாயிறு. இந்தத் தடவை டீயை வீட்லயே குடிச்சுட்டுப் போறேன்.

டிஸ்கி: மாசாமாசம் அந்த 500 யாருக்குன்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.